அடுப்படியிலிருந்து முன்னறை வரை

ஹவில்தார் சின்னமாயன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று நெடுமரத்துப்பட்டிக்குத் திரும்பிய வருஷம், ஆடிக்காற்று ஓய்ந்து ஆவணி பிறந்த வாரத்தில், அவர் வீட்டு அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் இருந்த தூரம் நீண்டு போனது. அதுவரை பத்து எட்டில் கடக்கிற தூரம்தான். அன்று காலையில் தவமணி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படி நிலையைத் தாண்டினாள், நடந்தாள், இன்னும் நடந்தாள், சிவப்புச் சிமெண்டுத் தரை போய்க்கொண்டே இருந்தது, முருகன் படம் போட்ட காலண்டர் முதுகுக்குப் பின்னால் புள்ளியாகி மறைந்தது, தரையில் வெடிப்பு வந்தது, கிரைண்டர் வாங்கிய பிறகு மூலையில் தள்ளிவைத்திருந்த பழைய ஆட்டுக்கல் வந்தது, ஆட்டுக்கல்லுக்கு அப்புறம் சரளை வந்தது, சரளைக்கு அப்புறம் காதுமடலை அறுக்கிற குளிர்காற்று வந்தது, கடைசியில் கட்டிலும் அதில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த புருஷனும் தெரிந்தபோது டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தபடியே வாங்கிக் குடித்தார். அவள் வெறும் டம்ளரோடு அத்தனை தூரமும் திரும்பி நடந்து வந்து பார்த்தால், உலையில் போட்ட அரிசி குழைந்து அடிப்பிடித்துக் கிடந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் வீடு அதே வீடுதான். ஓடு கூடவில்லை, சுவர் நீளவில்லை. தெருவில் போகிறவர்களுக்கு ஜன்னல் வழியாகச் சின்னமாயன் கைக்கெட்டும் தூரத்தில்தான் தெரிந்தார். ஆனால் கையை நீட்டினால் எட்டாது. வாசல் வழியாக நுழைந்தாலும் கொல்லை வழியாக நுழைந்தாலும் தூரம் ஒன்றுதான். ஜன்னல் வழியாகவே டம்ளரைக் கொடுத்துப் பார்த்தாள் தவமணி. கம்பிக்குள்ளே தோள்வரை கையை விட்டு நின்றதில் கை விறைத்ததுதான் மிச்சம்.

நெடுமரத்துப்பட்டி இதற்கெல்லாம் வாயைப் பிளக்கிற ஊரில்லை. வீட்டுக்கு ஒருத்தரைப் பட்டாளத்துக்குக் கொடுத்த ஊர், சவப்பெட்டியும் மெடலும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கிப் பார்த்த ஊர். சின்னமாயன் வீட்டில் நடை நீண்டுவிட்டதாம் என்ற சேதி டீக்கடைக்கு வந்தபோது, அப்படியா, இனி விசேஷம் வைத்தால் பந்தி போட இடம் தாராளம் என்றார்கள். ஐப்பசியில் பள்ளிக்கூட மைதானம் சேறானதும், பட்டாளத்துக்கு ஆளெடுக்கும் முகாமுக்காக ஓட்டம் பழகும் பையன்கள் கேன்வாஸ் ஷூவைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார்கள். “அத்தை, உள்ள நாலு ரவுண்டு ஓடிக்கிறோம்” என்றார்கள். ஓடினார்கள். பட்டாளம் கொண்டுவந்து போட்ட தூரத்தில் பட்டாளத்துக்குப் போவதற்காக ஓடினார்கள். போகிற போக்கில் டீயைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள் தவமணி. போன டம்ளர் போனபடியே திரும்பி வந்தது.

“எங்கிட்டுப் போனாலும் சுவருதான் அத்தை இருக்கு. மாமாவ காணல.”

ஓடுகிறவர்களுக்கு அவர் கிடைக்கவில்லை. நடக்கிறவளுக்குத்தான் கிடைத்தார். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும் மகள் பொங்கலுக்கு வந்தபோது அப்பாவுக்குக் கரும்பு எடுத்துக்கொண்டு காலையில் உள்ளே போனாள், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தாள். அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு, “அப்பா என்னையப் பாத்தாரும்மா, ஆனா எங்கயோ இருந்து பாக்குற மாதிரி பாத்தாரு” என்று அழுதாள். அவளும் விடுமுறை முடிந்து போய்விட்டாள். மிஞ்சியது தவமணி ஒருத்திதான். காலை டீக்கு ஒரு நடை, மத்தியானச் சோற்றுக்கு ஒரு நடை, விளக்கு வைக்குமுன் ஒரு நடை. நடந்தாள், கொடுத்தாள், திரும்பினாள், அடுப்பைப் பற்ற வைத்தாள், மறுபடி நடந்தாள்.

ஊருக்கு வைத்தியம் சொல்லத் தெரியாதா? வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கை கால் முழுசாகத்தானே வந்திருக்கிறான், சண்டையும் பார்க்கவில்லை, சும்மா மலையில் காவல் இருந்தவனுக்கு என்ன வந்தது என்றார்கள். கூடுதல் பென்சனுக்குப் போடுகிற வேஷம் என்றார் பலசரக்குக்கடைக்காரர். பட்டாளத்துக் கேண்டீன் சரக்கு ரெண்டு ரவுண்டு உள்ளே போனால் தானாகப் பேசுவான் என்று ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார் பங்காளி ஒருவர். டவுனில் பேங்க் காவல் வேலைக்கு அவர் பெயரைச் சொன்னபோது, ஐயையோ, அவன் கையிலா துப்பாக்கியைக் கொடுப்பது, கோபம் வந்தால் யாரைச் சுடுவான் என்று யாருக்குத் தெரியும் என்று அந்த வேலையைப் பக்கத்து ஊர்க்காரனுக்குப் பேசி முடித்தார்கள். சட்டையில் ஏறிய எறும்பைக்கூட நசுக்காமல் ஊதிவிடுகிற மனுஷனைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. எல்லாவற்றையும்விட அதிகமாகச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: அவனிடம் மலையைப் பற்றிக் கேட்டுவிடாதே தவமணி, கேட்டால் கூடிப்போகும். அவளும் கேட்கவில்லை. கேட்காததால் ஒன்றும் குறையவுமில்லை.

உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி வந்தார். வேப்பிலையும் சாட்டையுமாக உள்ளே போனவர் ஆட்டுக்கல் வரைக்கும்கூடப் போகவில்லை, மூச்சு வாங்கி வெடிப்பிலேயே உட்கார்ந்து உடுக்கையை அடித்துவிட்டுத் திரும்பி வந்தார். “பெரிய தெய்வந்தான் பிடிச்சிருக்கு, சின்னதுன்னா இம்புட்டுத் தூரம் வைக்குமா?” என்று சொல்லிக் கோழியை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் தவமணி போனபோது டீ ஆறியது மட்டுமில்லை, டம்ளரே சில்லிட்டிருந்தது. தூரத்தை அவள் டீயால்தான் அளந்தாள். ஒவ்வொருத்தர் வந்து ஒவ்வொன்று சொல்லிவிட்டுப் போனபோதும் டீ இன்னும் கொஞ்சம் சீக்கிரமே ஆறிப்போனது.

எதிர்வீட்டுச் சுபேதார் தங்கமலை வந்த அன்றைக்குத்தான் மோசம். ஓய்வு பெற்று இருபது வருஷமானாலும் மீசைக்கு இன்னும் மெழுகு போடுகிறவர். உள்ளே வர மறுத்து ஜன்னலுக்கு வெளியே விறைப்பாக நின்று, தெருவே கேட்கப் பேசினார்.

“ஏலேய் மாயா! நானும் பனியில கெடந்தவந்தான். எனக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. பட்டாளத்தான்னா கல்லு மாதிரி இருக்கணும்டா. இந்தத் தெருவுல எவனாவது இப்பிடி மூஞ்சியத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கானா? யூனிபாரத்துக்கே அவமானம்.”

சின்னமாயன் எழுந்து அட்டென்ஷனில் நின்றார். சுபேதார் போன பிறகும் அப்படியே நின்றார். அன்று மத்தியானச் சோறு அவருக்குப் போய்ச் சேர்ந்தபோது குழம்பு உறைந்து எண்ணெய் வெள்ளையாகக் கட்டியிருந்தது.

தவமணியின் வலது மூட்டு மாசியில் வீங்கத் தொடங்கியது. டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தேய்ந்துபோயிருக்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பீர்கள் என்று கேட்டார்.

“அடுப்படியிலருந்து முன்னறை வரைக்குந்தான்யா.”

டாக்டர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். அதைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நாளில் எழுந்து நிற்க முடியாது என்று மருந்து எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்புத்தான். நான் விழுந்துவிட்டால் அந்த மனுஷனுக்கு யார் போவார்கள்? யாரும் போகமாட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள், இருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார் என்பார்கள். ஒருநாள் இருக்கமாட்டார்.

மருந்துப் பையோடு நொண்டி வந்தவளை எதிர்வீட்டுக் குருவம்மாள் பார்த்தாள். சுபேதாரின் மனைவி, வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசித் தெருவில் யாரும் கேட்டதில்லை. சுபேதார் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்த நேரம் பார்த்து, முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். பழைய பிளாஸ்க் ஒன்று. வெளித்தகரமெல்லாம் நெளிந்து, பெயிண்டு போய், பிடியில் துணி சுற்றியிருந்தது.

“வச்சுக்க தாயி. ஆறாது.”

தவமணி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இம்புட்டு அடி எப்பிடிச் சின்னாத்தா பட்டுச்சு?”

“கீழ போட்டதுதான். வழியில.” குருவம்மாள் வாசற்பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். “உள்ள கண்ணாடி ஒடஞ்சு ஒடஞ்சு மாத்திக்கிட்டே இருந்தேன். எங்க வீட்டுலயும் தூரம் இருந்துச்சு தாயி. எல்லா வீட்டுலயும்தான் இருந்துச்சு. உங்க வீட்டுல பகல்ல, எல்லாரும் பாக்க வந்துருச்சு, அவ்வளவுதான்.”

“சின்னய்யாவுக்கா?”

“பெங்களூர்ல கல்யாணம், பெங்களூர்ல கல்யாணம்னு வருசம் பூராவும் போயிட்டு வந்தோமே, எங்களுக்கு அங்க யாரு இருக்கா கல்யாணம் வைக்க? மனசுக்குப் பாக்குற டாக்டர்ட்டதான் போனோம். மாத்திரையும் இன்னைக்கு வரைக்கும் ஓடுது. அவரு ஆளு நல்லாகித்தான் இப்பிடி மீசைய முறுக்கிட்டுத் திரியுறாரு. வெளிய தெரிஞ்சா பென்சன் போயிரும், பிள்ளைகளுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாகன்னு பயம். பென்சனும் போகல, ஒண்ணும் போகல.” மூச்சு விட்டாள். “நானே உனக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல. மதுரையிலயும் டாக்டர் இருக்காராம்ல. கூட்டிட்டுப் போ.”

“வாசல் வரைக்கும் கொண்டாந்துட்டா கூட்டிட்டுப் போயிருவேன் சின்னாத்தா. அங்கருந்து எந்திரிக்கணுமே.”

குருவம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். தவமணிக்கு முதலில் கோபம்தான் வந்தது, தெருவே கூடிச் சேர்ந்து ஊமையாய் இருந்திருக்கிறதே என்று. பிறகு கோபப்படவும் தெம்பில்லாமல் பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மறுநாள் பிளாஸ்க்கில் டீயோடு புறப்பட்டவள், ஆட்டுக்கல்லில் ஒருதரம், சரளையில் ரெண்டு தரம் உட்கார்ந்து, கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. பிளாஸ்க்கும் அந்தக் குளிருக்குத் தோற்றுப்போயிருந்தது. ஆறிய டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு வழக்கம்போலத் திரும்பாமல் தரையில் உட்கார்ந்தாள். கால் நீட்ட முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னாள்.

“மாமா, எனக்கு முடியல.”

சின்னமாயன் ஜன்னலிலிருந்து திரும்பி அவள் மூட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

ஊர் கேட்காதே என்று சொன்னதை அவள் கேட்டாள். பெரிதாக யோசித்தெல்லாம் கேட்கவில்லை, அலுப்பில் வாயில் வந்தது. “அங்க மலையில உங்களுக்கு யாரு கொண்டாந்து குடுத்தா? இப்பிடித்தான் ஒருத்தன் தினமும் நடந்து செத்தானா?”

அவர் தொண்டையைக் கனைத்தார். பேசிப் பழக்கமில்லாத தொண்டை.

“முழுத் தூரமும் ஒருத்தன் நடக்க மாட்டான் புள்ள. நடந்தா செத்துருவான். கீழ போஸ்ட்டுலருந்து பாதி தூரம் அவங்க ஏறி வருவாங்க. மேலருந்து பாதி தூரம் நாங்க எறங்குவோம். நடுவுல ஒரு பாறை. அங்க வச்சுக் கைமாத்திக்கிருவோம். மேல உள்ளவன் வராம கீழ உள்ளவன் திரும்பக் கூடாது. அதான் பழக்கம்.”

“அப்ப நான் மட்டும் ஏன் முழுத் தூரமும் வாரேன்?”

காற்று அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனது, இந்தக் குளிருக்குள் சம்பந்தமில்லாமல் கேட்டது. பிறகு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“அன்னைக்கு நான்தான் எறங்க வேண்டிய ஆளு. கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு நின்னுட்டேன். காத்து பேய்க்காத்து. எங்க ஆபீசர் சாப் வேண்டாம்னுட்டாரு. கீழ சொல்லலாம்னா வயர்லெஸ் செட்டு செத்துப்போச்சு. காத்து நின்னு எறங்குனப்ப, கீழருந்து வந்த ரெண்டு பேரும் பாறையில முதுகு குடுத்து உக்காந்திருந்தாங்க. ஒருத்தன் தேவசகாயம், மார்த்தாண்டத்துக்காரன், நல்லாப் பாடுவான். மடியில எங்க ரொட்டி மூட்டைய அணைச்சு வச்சிருந்தான். எங்களுக்காகத்தான் உக்காந்திருந்திருக்கான். தூங்குறான்னு நெனச்சேன். தோளத் தொட்டேன்.”

அதற்கு மேல் வரவில்லை. “தோளத் தொட்டேன் தவமணி” என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் அவர் பாதத்தில் கையை வைத்தாள். பாதம் பனிக்கட்டியாக இருந்தது. உங்கள் தப்பில்லை என்று அவள் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஊரில் நூறு பேர் கிடைப்பார்கள். தோளைத் தொட்டுப் பார்த்தவர் அவர்தான்.

எழுந்தபோது சொன்னாள். “நாளையிலருந்து நான் ஆட்டுக்கல்லு வரைக்குந்தான் மாமா வருவேன். அங்க உக்காந்திருப்பேன். நீங்க வாங்க.”

“வரலன்னா?”

“வராம எந்திரிக்க மாட்டேன்.”

நொண்டி நொண்டி வெடிப்பு வரைக்கும் வந்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. பாவி, எதைச் சொல்லியிருக்கிறேன்! திரும்பிப் போய் இல்லை மாமா, சும்மா சொன்னேன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. திரும்பிப் போகக் காலில்லை. ஆகவே அது சொன்ன சொல்லாகவே நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் அவள் அரிசியைக் களைந்து வைத்தாள், அடுப்பை அணைத்தாள், மாட்டுக்குத் தீவனம் போடக் குருவம்மாளிடம் சொன்னாள். பிளாஸ்க்கில் டீயை நிரப்பிச் சேலைத்தலைப்பால் சுற்றி மடியோடு அணைத்துக்கொண்டு நடந்து போய் ஆட்டுக்கல்லில் முதுகு கொடுத்து உட்கார்ந்தாள். ஒருபக்கம் வெடித்த சிமெண்டுத் தரை, மறுபக்கம் சரளை. ஓட்டம் பழக வந்த பையன்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். என்ன அத்தை இங்க உக்காந்திருக்கீக என்று கேட்டுவிட்டு ஓடிப்போனார்கள். சேதி தெருவுக்குப் போனது. பெண்கள் வாசலில் கூடினார்கள். எழுந்து வா தவமணி, அவன் கல்லு, அவன் வரமாட்டான் என்று யாரோ கத்தியது எட்டு ஊருக்கு அப்பாலிருந்து கேட்பது போலக் கேட்டது. சுபேதாரின் குரலும் ஒருதரம் எழுந்து, குருவம்மாள் என்னவோ சொன்னவுடன் பாதியில் நின்றது.

பசித்தது. பிளாஸ்க்கைத் திறக்கவில்லை. வெயில் இறங்கியிருக்க வேண்டும், ஓட்டில் கண்ணாடி பதித்த இடத்திலிருந்து விழுகிற வெளிச்சம் சாய்ந்து மஞ்சளானது. சரளைப்பக்கத்துக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் நகர்ந்து வந்து முதலில் காலை, பிறகு இடுப்பை, பிறகு தோளைப் பிடித்தது. வரவில்லையென்றால் என்ன செய்வது என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. அவர்மேல் கோபம்கூட இல்லை. மாசக்கணக்கான நடை எல்லாம் அப்போதுதான் உடம்பில் வந்து இறங்கியது போலத் தலை பாரமாகித் தொங்கியது. கண்ணை மூடினாள். சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று நினைத்தாள். தேவசகாயத்துக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்தாள்.

முதலில் சரளை நொறுங்குகிற சத்தம்தான் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. ரொம்ப நேரம் நின்றது. யாரோ வாய்விட்டு மூச்சு வாங்குவது கேட்டது, விசும்பல் மாதிரியும் இருந்தது. கண்ணைத் திறக்க நினைத்தாள், இமை வரவில்லை. சத்தம் கிட்டே வந்து அவளுக்கு முன்னால் நின்று, வேறொன்றும் செய்யத் தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

பிறகு ஒரு கை அவள் தோளைத் தொட்டது.

தவமணி கண்ணைத் திறந்தாள். இடுப்பில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, வெறுங்காலில் ரத்தம் கசிய, வாயைத் திறந்தபடி நின்றார் சின்னமாயன். அந்த முகத்தைப் பார்த்து அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தோளில் இருந்த கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள், சூடு தெரியட்டும் என்று.

“உசுரோடதான் மாமா இருக்கேன். உக்காருங்க.”

அவர் ஆட்டுக்கல்லின் மறுபக்கம் முதுகு சாய்ந்து உட்கார்ந்தார். அவள் சேலைத்தலைப்பைப் பிரித்து பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவர் நாக்கை இழுத்துக்கொண்டார்.

“சுடுது” என்றார்.